பேண்டேஜ் நூலுக்கு வைட்டமின் டி ரிசெப்டார் இருந்த நான்கு நாட்கள்

பருத்தி நூலில் வைட்டமின் டி ரிசெப்டார் இருப்பதாக உலகத்திலேயே முதன்முதலில் அறிவித்தவன் நான். இதில் எனக்குப் போட்டியே கிடையாது. அறிவித்ததோடு நிற்காமல், அதைப் பன்னிரண்டுக்கு எட்டு அடியில் ஃப்ளெக்ஸ் அடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில், கல்லூரி வாசலுக்குப் பக்கத்தில், நான்கு நாள் நிறுத்தியும் வைத்தேன். அந்த ஃப்ளெக்ஸில் கையைக் கட்டிக்கொண்டு, தூரத்தில் எதையோ பார்த்துச் சிரித்தபடி நிற்கிறவனும் நான்தான்.

போன வருஷம் கல்லூரி லேப் உதவியாளர் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் விருப்பத்தைவிட மற்றவர்களின் விருப்பம் அதில் கூடுதலாக இருந்தது. லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கரைசல் எப்படிக் கலப்பது, சதையை எப்படிச் சீவுவது என்பதெல்லாம் ஏற்கனவே சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் படியுங்கள். பாதி நான் எழுதியது. மீதி சரியாக இருக்கும். இங்கே நான் எழுதுவது சுவரில் ஒட்ட முடியாத சங்கதி.

முதலில் ஆண்டிபாடியைப் பற்றி. ஏதோ ஒரே ஒரு பொருளை மட்டும் தேடிப் போய்க் கட்டிக்கொள்கிற புரதம் அது. அப்படித்தான் விற்கிறவர்கள் சொல்கிறார்கள். முயலுக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்திலிருந்து எடுத்து, சுண்டுவிரல் நகம் நனைகிற அளவு ஒரு குப்பியில் போட்டு அனுப்புவார்கள். நம் உடம்பின் செல்லுக்குள் வைட்டமின் டி போய் உட்காருவதற்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலிக்குத்தான் வைட்டமின் டி ரிசெப்டார் என்று பெயர். அதைத் தேடிப் பிடிக்கிற ஆண்டிபாடியைத்தான் நாங்கள் வரவழைத்திருந்தோம். சதையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி, ஆண்டிபாடியை விட்டு, கழுவி, கடைசியில் ஒரு வண்ணக் கரைசலை ஊற்றினால், நாற்காலி இருக்கிற இடத்தில் பழுப்பு நிறம் வரும். இல்லாத இடத்தில் வராது. இந்த 'வராது' என்ற சொல்லை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லை.

குப்பி வந்தது பர்வீனுக்காக. பர்வீன் எங்கள் துறையில் ஆராய்ச்சி மாணவி. சேத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண். ஆறு வருஷம், ஒரு பிரசவம், இரண்டு கால நீட்டிப்பு எல்லாம் தாண்டி வந்திருந்தாள். அவளுடைய அம்மா பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் இருபத்தைந்து வருஷமாக வேலை பார்க்கிறவர். வெயில் வருவதற்கு முன் உள்ளே போய், வெயில் போன பிறகு வெளியே வருகிற வேலை. அங்கே இருக்கிற பெண்களுக்கெல்லாம் காலும் இடுப்பும் எந்நேரமும் கடுக்கும். அவர்கள் ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு குறைவு என்பதை முதல் இரண்டு அத்தியாயங்களில் பர்வீன் காட்டிவிட்டாள். மூன்றாவது அத்தியாயத்துக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: அவர்களுடைய தசையில் அந்த நாற்காலி இருக்கிறதா? தசையில் அது உண்டா இல்லையா என்பதில் பெரிய பெரிய ஆட்களே ஒருவரோடொருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கத்தான் நான் பிறந்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு எண்ணம்.

சதை வந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரியிலிருந்து. முழங்கால் ஆபரேஷனுக்கு வருகிற தறிக்காரப் பெண்களிடம் சம்மதம் எழுதி வாங்கிக்கொண்டு, துவரம்பருப்பு அளவு எடுத்துத் தருவார்கள். வேறு ஊராக இருந்தால் அதை அப்படியே பாட்டிலில் போட்டுவிடுவார்கள். எங்கள் வட்டாரத்தில் பேண்டேஜ் துணி காற்றைப் போல. இட்லித் தட்டில் அதுதான், மோர் வடிகட்ட அதுதான், ஸ்கூட்டர் துடைக்க அதுதான். ஒரு பொருளைத் துணியில் சுற்றாமல் கொடுப்பது மரியாதைக் குறைவு. ஆகவே தியேட்டர் சிஸ்டர் அந்தப் பருப்பளவு சதையை மூன்று சுற்றுச் சுற்றி, பிரசாதம் போலத்தான் தருவார். பிரித்தால் இரண்டொரு நூல் சதையில் ஒட்டிக்கொண்டிருக்கும். இடுக்கியால் அதை எடுப்பது என் வேலை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. எனக்கு இன்னும் அந்த வயசு வரவில்லை என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் காத்திருந்த பிறகு குப்பி வந்தது. சித்திரை மாதம். ராஜபாளையத்தில் கூரியர் ஆபீசுக்குப் போனால், பெட்டி ஒரு நாள் முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறது.

"சார், பெட்டியில 'கோல்டு'ன்னு போட்டிருந்துச்சு. அதான் ஃபேனுக்கு நேர் கீழ வச்சிருந்தோம்" என்றார் அங்கே இருந்தவர், பெருமையாக.

உள்ளே ஐஸ் தண்ணீராகியிருந்தது. குப்பி குளுகுளு என்று இல்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அந்த வாரம் பர்வீன் லீவு. குழந்தைக்குக் காய்ச்சல். நான் இருக்கிறேனே, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஆரம்பித்தேன். குப்பியோடு வந்த தாளில் ஆண்டிபாடியை ஒன்றுக்கு இருநூறு என்று நீர்க்கச் சொல்லியிருந்தது. அப்படியே செய்தேன். ஸ்லைடில் ஒன்றுமே இல்லை. அறிவுள்ளவன் என்ன நினைப்பான்? தசையில் அந்தச் சாமான் இல்லை போலிருக்கிறது என்று நினைப்பான். நான் நினைத்தது: ஃபேனுக்கு அடியில் கிடந்து மருந்து வீரியம் இழந்துவிட்டது, டிகாக்ஷன் பத்தவில்லை. எனவே ஒன்றுக்கு ஐம்பது. நோட்டிலும் ஒன்றுக்கு ஐம்பது என்று என் கையாலேயே எழுதினேன். அந்த நேர்மை என்னிடம் எப்போதும் உண்டு. எழுதிவிடுவேன், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நெகட்டிவ் கன்ட்ரோல் என்று ஒன்று போட வேண்டும். ஆண்டிபாடியே விடாமல் மற்ற எல்லாவற்றையும் செய்கிற ஸ்லைடு. அதில் ஒன்றும் தெரியக் கூடாது. ஒன்றும் தெரியாத ஸ்லைடுக்காக எதற்கு ஒரு கண்ணாடியை வீணாக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வண்ணக் கரைசல் ஊற்றி மூன்று நிமிஷத்தில் கழுவ வேண்டும். ஊற்றிய நிமிஷத்தில் என் மச்சினன் போன் செய்தான். ராஜபாளையத்தில் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறான். யாரோ ஒருவர் காதுகுத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸில் தாய்மாமன் படம் தலைகீழாக விழுந்துவிட்ட கதையைச் சொன்னான். நல்ல கதை. பதினொரு நிமிஷம் ஆனது.

ஸ்லைடு முழுக்கப் பழுப்பு. நன்றாகக் காய்ச்சி இறக்கிய பால்கோவா நிறம். நடுவில், எல்லாவற்றையும்விட அழுத்தமான பழுப்பில், முறுக்கிக்கொண்டு ஒரு கோடு. பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடிப்போய்த் துறைத் தலைவரை அழைத்து வந்தேன். அவரை நாங்கள் மேடம் என்போம். பர்வீனுக்கு வழிகாட்டியும் அவர்தான்.

"பாருங்க மேடம், நரம்புல எம்புட்டு அழுத்தமாப் பிடிச்சிருக்கு!"

மேடம் செத்த நேரம் பார்த்தார். "நல்லாத்தான் வந்திருக்கு. நெகட்டிவ் கன்ட்ரோல்?"

"நாளைக்குப் போட்டுடுறேன் மேடம்."

அந்த நாளை இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பர்வீனுக்கு டாக்டரல் கமிட்டி. அதற்கு அனுப்ப வேண்டிய சுருக்கத்தில், தசையில் ரிசெப்டார் இருப்பதாக அன்றைக்கே ஒரு வரி சேர்ந்தது. சாயங்காலம் மச்சினனுக்குப் படத்தை அனுப்பிவைத்தேன், சும்மா பார்ப்பதற்கு. அவன் அப்படிச் சும்மா பார்க்கிற ஆள் இல்லை.

"அத்தான், இது என்ன சாதாரண விஷயமா? வயசுக்கு வந்ததுக்கெல்லாம் ஃப்ளெக்ஸ் வைக்காங்க. உலகத்துல யாரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடிச்சிட்டு நீங்க பேசாம இருந்தா எப்படி?"

வேண்டாம் என்று சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் ஃப்ளெக்ஸ் நின்றது. 'உலகமே வியக்கும் சாதனை! மனிதத் தசையில் வைட்டமின் டி ரிசெப்டார் உள்ளது!' என்று மேலே. நடுவில் நான். எனக்குப் பின்னால் பழுப்புச் சதை, முறுக்கிய கோடு, அதற்கு ஒரு மஞ்சள் அம்புக்குறி, 'நரம்பு' என்று எழுத்து. மூலையில் வட்டத்துக்குள் மேடம், பாஸ்போர்ட் போட்டோவில். கீழே வாழ்த்தும் நெஞ்சங்களாக என் மச்சினனும் அவன் நண்பர்கள் பதினான்கு பேரும்.

அன்றைக்குத்தான் பர்வீன் குணமான குழந்தையைக் கடைசி ஒரு தடவை டாக்டரிடம் காட்ட, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போயிருக்கிறாள். கல்லூரி ஸ்டாப்பில் பஸ் நின்றிருக்கிறது. ஜன்னலோரம் அம்மா.

"ஏட்டி, இவிய உங்க லேப் சார்தானே? எதுக்கு நூலுக்குப் பக்கத்துல நிக்காவ?"

"நூல் இல்லம்மா, நரம்பு. எழுதியிருக்கு பாருங்க."

"நரம்பாவது! முறுக்கு தெரியுதுல்லா. பேண்டேஜ் நூலு. இருவத்தஞ்சு வருசமா இந்தக் கழுதையைத்தானே பாக்கேன்."

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். இல்லாவிட்டால் அம்மா இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்திருப்பார் என்று பர்வீன் பின்னால் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை பர்வீன் லேபுக்குள் வந்து பையைக்கூடக் கழற்றவில்லை.

"சார், ஃப்ளெக்ஸ்ல என் பேரு இல்லையே."

"இடம் பத்தலைம்மா."

"உங்க செருப்பு வரைக்கும் வந்திருக்கு சார்."

நேராகப் போய் நோட்டைப் புரட்டினாள். 'ஒன்றுக்கு ஐம்பது' என்ற வரியில் விரலை வைத்தாள். பிறகு என் ஸ்லைடை ஒரு மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். சதையைச் சுற்றி வந்த பேண்டேஜ் துணியிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து, கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டு, பக்கத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

"பாருங்க சார்."

பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் பழுப்புச் சட்டை போட்ட மாதிரி இருந்தது.

"சார், பருத்திச் செடிக்கு வைட்டமின் டி ரிசெப்டார் உண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு கிடையாது."

"அப்ப நூலு எதுக்கு இம்புட்டுப் பழுப்பா இருக்கு?"

நான் கண்ணாடி இல்லாத கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நூலு பொய் சொல்லுதுன்னா, பக்கத்துல இருக்குற சதை மட்டும் நிசமா சார் சொல்லுது?"

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஃப்ளெக்ஸுக்காகக்கூட நான் இவ்வளவு வெட்கப்படவில்லை. நான் சொன்னேன்: "படத்துல நூல் இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டிட்டா என்னம்மா?"

யோசித்துச் சொன்னதில்லை. நெருக்கடியில் முதலில் வாயில் வருவது பெரும்பாலும் இந்த ஜாதிதான். வெட்டுவதற்குத்தான் கம்ப்யூட்டரில் வசதி செய்து வைத்திருக்கிறார்களே என்று மனசு சமாதானமும் சொல்லும்.

பர்வீன் கோபப்படவில்லை. "நூலை வெட்டிரலாம் சார். மிச்சப் பழுப்பை என்ன செய்ய?" என்றாள்.

அவள் நிலைமை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கமிட்டி சரி என்று சொன்னால், மாதக் கடைசிக்குள் தீசிஸைக் கொடுத்துவிடலாம். மாதக் கடைசி தாண்டினால் பதிவு ரத்து. மூன்றாவது நீட்டிப்பு என்பது விதியிலேயே இல்லை. ஆறு வருஷம் பஸ் ஏறியது வீண். புதுக் குப்பி வரவழைக்க மூன்று மாதம். கையில் இருக்கிற குப்பியில், நான் தாராளமாக ஊற்றியது போக, ஐந்து மைக்ரோலிட்டர் மிச்சம். ஒரு கண்ணீர்த் துளியில் பத்தில் ஒரு பங்கு. தாளில் சொன்னபடி நீர்த்தால் எட்டு ஸ்லைடுக்கு வரும். அதற்குமேல் ஒரு ஸ்லைடுக்கு வராது.

எட்டையும் தசைக்கே கொடுப்போம், ஒன்றிலாவது தெரியாதா என்பது என் கட்சி. கமிட்டியிடம் காட்ட ஒரு படமாவது வேண்டாமா?

"நாலு தசை" என்றாள் பர்வீன். "ரெண்டு துணி. ரெண்டு ஆட்டுக்குடல். குடல்ல இந்த ரிசெப்டார் நல்லா உண்டு. அங்க பழுப்பு வரணும். துணியில வரக் கூடாது. ரெண்டும் சரியா வந்தாத்தான் தசை சொல்றதைக் கேக்கணும். ஆண்டிபாடி விடாத ஸ்லைடு தனி. அதுக்குச் செலவே இல்லை சார்."

செலவே இல்லாத அதைத்தான் நான் மிச்சம் பிடித்திருந்தேன்.

துணியை மெழுகில் புதைத்து, சதையைப் போலவே சீவி, சதைக்குச் செய்கிற சகல மரியாதையும் செய்வது என்று முடிவானது. ஆட்டுக்குடல் என் பொறுப்பு. புதன்கிழமை காலையில் கறிக்கடையில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, குடல் ஆரம்பிக்குமே, இரைப்பையை ஒட்டினாப்ல, அதுல ஒரு ரெண்டு இஞ்சு வேணும்."

"ரெண்டு இஞ்சா? வீட்ல பூனை குட்டி போட்டிருக்கா சார்?"

"இல்ல, ஒரு ஆராய்ச்சிக்கு."

"எங்க குடல்ல என்ன சார் ஆராய்ச்சி? எல்லாம் காலைல அறுத்தது. சந்தேகம்னா மோந்து பாருங்க."

எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா, "சும்மா குடுத்து அனுப்புப்பா. ரோட்டுல பெருசா நிக்காவள்ள, அந்தச் சாரு. பாவம், முட்டி வலிக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்காவளாம்" என்றார்.

அந்தக் கணத்தில் கடைக்காரர் என்னை வெட்டுமரத்தில் வைத்திருந்தால்கூட நான் ஆட்சேபித்திருக்க மாட்டேன். அவரோ மூன்று இஞ்சாகக் கொடுத்தார்.

வியாழக்கிழமை வேலை. ஆரம்பிப்பதற்கு முன் பர்வீன் கையை நீட்டினாள். நான் குலுக்கப் போனேன். "போன் சார்" என்றாள். வாங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஆண்டிபாடியை அவளே கலந்தாள், ஒன்றுக்கு இருநூறு. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்தைச் சத்தமாகச் சொல்வது. அதை நான் குறையில்லாமல் செய்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பார்த்தோம். ஆட்டுக்குடலில் ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் புள்ளி புள்ளியாகப் பழுப்பு, யாரோ பென்சிலால் வைத்த மாதிரி. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, பிடித்தால் அது இப்படித்தான் இருக்கும் என்று. துணியில் ஒன்றும் இல்லை. ஆண்டிபாடி விடாததில் ஒன்றும் இல்லை. தசை நான்கையும் மாற்றி மாற்றி வைத்தாள். அதிலும் ஒன்றும் இல்லை.

அவள் அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் வாக்கியம் தயாரித்துக்கொண்டிருந்தேன். அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே, "நல்லா வந்திருக்கு சார்" என்றாள்.

மேடத்திடம் போனோம். மேடத்துக்கு வீட்டில் பேச்சு தெலுங்கு. எங்களிடம் அழகான தமிழில்தான் பேசுவார். கோபம் ஒரு எல்லையைத் தாண்டினால் மட்டும் வீட்டுக்குப் போய்விடுவார். "ஏமண்டி இதி?" என்று ஆரம்பித்து அவர் பேசியதில் எனக்குப் புரிந்தவை 'நூல்', 'நரம்பு' என்ற இரண்டு சொற்கள்தான். தமிழில் திட்டினால் ஏதாவது பதில் சொல்லலாம். தெலுங்கில் திட்டினால் நிற்கத்தான் முடியும்.

பிறகு தமிழுக்குத் திரும்பினார். "சுருக்கத்துல இருக்குன்னு எழுதி அனுப்பியாச்சு. நாளைக்குப் போய் இல்லைன்னு நின்னா, இந்தப் பிள்ளைக்கு வேலை தெரியலைன்னுதான் நினைப்பாங்க. ஆறு வருஷம் என்ன பண்ணினேன்னு கேப்பாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவருடைய மேசைக் காலண்டரைப் பார்த்தேன். நல்ல காலண்டர்.

வெளியே வந்து பர்வீனிடம் போனைக் கேட்டு வாங்கி மச்சினனை அழைத்தேன்.

"ஃப்ளெக்ஸைக் கழட்டுடா."

"ஏன் அத்தான், என்ன தப்பு?"

"அப்படி ஒண்ணு இல்லையாம்."

"இம்புட்டுத்தானே? 'உள்ளது'ங்கிற இடத்துல 'இல்லை'ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருவோம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

அறிவியல் உலகில் இவ்வளவு நேரடியான திருத்தத்தை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கழற்றச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. கமிட்டியில் மேடத்தைத் தவிர வெளியிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள். அதில் ஒருவர் பேசவே மாட்டார், பிஸ்கட் சாப்பிடுவார். மற்றவர் பிஸ்கட்டைத் தொட மாட்டார், அவர்தான் ஆபத்து. நான் பின்வரிசையில், டீ ஃபிளாஸ்க்குக்குப் பக்கத்தில். அதைத் திறந்து ஊற்றுவதற்காகத்தான் என்னை உள்ளே விட்டிருந்தார்கள்.

பர்வீன் லேப்டாப்பிலிருந்து ஸ்லைடு ஸ்லைடாகத் திரையில் காட்டி நன்றாகவே பேசினாள். மூன்றாவது அத்தியாயம் வந்ததும் பிஸ்கட் தொடாதவர் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். போன வாரம் அனுப்பின சுருக்கத்துல தசையில இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இந்த வாரம் இல்லைங்கிறீங்க. அடுத்த வாரம் என்ன சொல்லுவீங்க?"

"முதல்ல போட்ட ஸ்லைடுல ஆண்டிபாடி நாலு மடங்கு அடர்த்தி சார். கன்ட்ரோலும் இல்லை. அதான் தப்பாக் காட்டிருச்சு."

"யார் கலந்தது?"

பர்வீனின் விரல் லேப்டாப் பட்டனில் இருந்தது. அறையில் பிஸ்கட் சத்தம் மட்டும். பிஸ்கட் தொடாதவர் பேனாவை எடுத்து, அவள் பெயர் எழுதியிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தார். 'அனுபவம் போதாது' என்று அந்தத் தாளில் இரண்டு சொல் எழுதினால் போதும். அப்புறம் மாதக் கடைசி என்ன, வருஷக் கடைசி என்ன.

எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"நான்தான் சார் கலந்தேன். தாள்ல ஒண்ணுக்கு இருநூறுன்னு இருந்துச்சு, நான் ஒண்ணுக்கு ஐம்பது போட்டேன். அவங்க அன்னைக்கு லீவு. மூணு நிமிஷம் விட வேண்டிய கலரைப் பதினொரு நிமிஷம் விட்டேன், போன் பேசிக்கிட்டிருந்தேன். கன்ட்ரோல் போடலை. நூலை நரம்புன்னு சொன்னதும் நான்தான்."

கடைசி வாக்கியத்தை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"நூலா?" என்றார் பிஸ்கட் சாப்பிடுகிறவர். அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சிஸ்டர், மூன்று சுற்று, பால்கோவா நிறம், எல்லாம். ஃப்ளெக்ஸை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். "வர்ற வழியில நாலு பேரு ஒரு பெரிய ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கிட்டிருந்தாங்க. அது நீங்களா?" என்று அவரே கேட்டுவிட்டார்.

பிஸ்கட் தொடாதவர் சிரிக்கவில்லை. பர்வீனைப் பார்த்தார். "நூல்னு யார் கண்டுபிடிச்சது?"

"எங்க அம்மா சார். பேண்டேஜ் தறியில வேலை பாக்காங்க. பஸ்ஸுல போகும்போது பாத்தாங்க."

"துணியையே ஒரு ஸ்லைடாப் போடலாம்னு சொன்னது?"

"அது நான் சார்."

பேனா அந்தத் தாளில் நகர்ந்தது. பிறகு சொன்னார்: "மூணாவது அத்தியாயத்தை இப்ப இருக்கிறபடியே எழுதுங்க. இந்த ஆண்டிபாடி சரியான அடர்த்தியில தசையில எதையும் காட்டலை, அடர்த்தி கூடினா துணியைக்கூடப் பிடிக்கும்னு ரெண்டையும் எழுதுங்க. அடுத்து இதை வாங்குறவங்களுக்கு உபயோகமா இருக்கும். மாசக் கடைசிக்குள்ள கொடுத்துருங்க. நன்றியில அம்மா பேரை மறக்காதீங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க டீ ஊத்துங்க" என்றார்.

ஊற்றினேன். வாழ்க்கையில் நான் ஊற்றியதிலேயே அளவு பிசகாத ஊற்றல் அது.

புதிதாக வந்திருப்பவர்களே, இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது? ஒன்றும் தெரியாத ஸ்லைடு ஒன்றைப் போடாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். குப்பி சொல்வதை நம்புவதற்கு முன், அது எங்கே பேசாமல் இருக்கிறது என்று பாருங்கள். படத்தின் ஓரத்தை வெட்டலாமா என்று தோன்றினால், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, எதை மறைக்கப் பார்க்கிறோம் என்று யோசியுங்கள். தப்பு உங்களுடையது என்றால், அடுத்தவர் பெயர் எழுதிய தாள் மேசையில் நகர்வதற்குள் எழுந்து நில்லுங்கள். நாற்காலி விழுந்தால் விழட்டும்.

அன்றைக்கு இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்துவிட்ட பூரிப்பில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கமிட்டிக்காரர்கள் போன பிறகு பர்வீன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. அம்மாவுக்குப் போன் செய்து சொல்லியிருப்பாள் போல. பக்கத்தில் போய், தியாகிகளுக்கே உரிய அடங்கிய குரலில் சொன்னேன்:

"இதுக்கெல்லாம் நீ நன்றி சொல்ல வேண்டாம்மா. உண்மையைச் சொல்லணும்னு தோணுச்சு, எந்திரிச்சுச் சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

பர்வீன் லேப்டாப்பை மூடினாள்.

"செத்த முந்தி எந்திரிச்சிட்டீங்க சார். அடுத்த ஸ்லைடே உங்க பேருதான். எழுத்து பின்வரிசைக்கும் தெரியுதான்னு காலையிலேயே ஒருக்கா நீங்க உக்காந்திருந்த நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டேன்."